ஆப்ல பச்சை காட்டினா குழந்தைக்கு ஓகேவா? காற்று மாசும் ஒரு கணக்கும்

'காத்து நல்லாத்தானே இருக்கு, ஆப்ல பச்சைதானே காட்டுது' என நம்பிக் குழந்தையை வெளியே கூட்டிப் போகிறீர்களா? அந்தப் பச்சைக்குப் பின்னால் இருக்கும் கணக்கைத் தெரிஞ்சுக்கோங்க.

பச்சை என்றால் என்ன?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் காற்றுத் தரக் குறியீட்டில் 0-50 'நல்லது', 51-100 'திருப்திகரம்'. இரண்டுமே பச்சைதான். பிஎம் 2.5 நுண்துகள், ஒரு கன மீட்டர் காற்றில் 24 மணி நேர சராசரியாக 60 மைக்ரோகிராம் இருந்தாலும் 'திருப்திகரம்'. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்த அளவோ வெறும் 15. அதாவது, நான்கு மடங்கு வரை பச்சையிலேயே இருக்கும்! வாரியத்தின் குறியீட்டில் பிஎம் 2.5-க்கான எண் 25-ஐத் தாண்டினாலே அந்த 15-ஐத் தாண்டியாச்சு என்று அர்த்தம்.

குழந்தைகளுக்கு ஏன் கூடுதல் பாதிப்பு?

பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார்கள். கைக்குழந்தைகளோ 30 முறைக்கும் மேல். எடையோடு ஒப்பிட்டால் அவர்கள் இழுக்கும் காற்று அதிகம். மூச்சுக்குழாயும் குறுகலானது, லேசாக வீங்கினாலே இளைப்பு வந்துவிடும்.

என்ன செய்யலாம்?

நடக்க, விளையாட மெயின் ரோட்டை விட்டு உள்தெருவைத் தேர்ந்தெடுங்கள். வீட்டுக்குள் கொசுவர்த்தி, சிகரெட் புகை வேண்டாம். வாசலில் குப்பையை எரிக்காதீர்கள்.

எப்போது டாக்டரிடம் ஓடணும்?

இருமலோ சளியோ இருக்கும் குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 2 முதல் 12 மாதம் வரை 50, 1 முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் வேக மூச்சு. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலும் காத்திருக்காதீர்கள். அன்று ஆப் என்ன கலர் காட்டினாலும் சரி.