பிட்டி தியாகராயர்

ஊர்ப்பணியிற் பழகியவர் நாட்டுப்பணிக்கும் ஏற்றவராவர் என்பதற்குச் சர் பிட்டி தியாகராயரின் வாழ்வு தக்க சான்றாகும். 1852-ஆம் ஆண்டில் பிறந்த இவர், சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று பட்டம் பெற்றார். செல்வராயினும் தம் நலமே பேணி வாழ்ந்தாரல்லர். 1882-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி உறுப்பினராகி, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அந்நகருக்கு உழைத்தார்.

தெரு, விளக்கு, குடிநீர், பள்ளி ஆகியவற்றைப் பேணுதல் நகராட்சியின் கடமையாகும். இவை சிறியனவாகத் தோன்றினும், மக்களின் அன்றாட வாழ்வு இவற்றையே சார்ந்துள்ளது. வறுமையால் ஏழைச் சிறார் பள்ளிக்கு வாராதிருந்தனர். அக்குறையை நீக்கக் கருதிய தியாகராயர், தாம் மாநகராட்சித் தலைவராயிருந்த 1920-ஆம் ஆண்டில், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியொன்றில் நண்பகலுணவு வழங்க வழிவகுத்தார். பிள்ளை ஒருவருக்கு நாள்தோறும் ஓரணாவுக்கு மேற்படாத செலவே அதற்கு வரையறுக்கப்பட்டது. உணவு கிடைக்கவே, பள்ளிக்கு வரும் சிறாரின் தொகையும் பெருகிற்று.

அவ்வாண்டு இறுதியில் நடைபெற்ற தேர்தலில் தியாகராயர் சென்னை மாகாணச் சட்டசபை உறுப்பினரானார். அவர் தலைமை தாங்கிய நீதிக்கட்சி பெரும்பான்மை பெற்றது. ஆளுநர் வில்லிங்டன் பிரபு அவரை முதல் அமைச்சராகுமாறு அழைத்தார். அவரோ அப்பதவியை ஏற்றிலர். சுப்பராயலு ரெட்டியார் அதனை ஏற்க, தியாகராயர் கட்சித் தலைமையோடும் மாநகராட்சிப் பணியோடும் அமைந்தார். 1925-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

அவர் வேண்டாவென விடுத்த பதவி பலர் கைக்கு மாறிற்று. அவர் ஒரு பள்ளியில் தொடங்கிய அறமோ, பின்னர்க் காமராசர் ஆட்சியில் மாநிலமெங்கும் பரவிய மதிய உணவுத் திட்டத்திற்கு முன்னோடியாயிற்று. தியாகராயநகர் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.