கரையில் எட்டு மணித்தியாலம்

அமெரிக்கக் கண்டத்தின் வடமேற்கு மூலையிலே, கனடாவுக்கு அப்பால் கிடக்கும் குளிர்நிலம் அலாஸ்கா. 1867ஆம் ஆண்டிலே ருசியப் பேரரசிடமிருந்து 72 இலட்சம் டொலருக்கு அமெரிக்க ஐக்கிய நாடு இதனை விலைக்கு வாங்கியது. இந்நிலத்தின் தென்கிழக்குக் கரையோரத்தை நாடி, ஏப்பிரல் இறுதி தொடங்கி ஒக்டோபர் வரை, ஆண்டுதோறும் உல்லாசக் கப்பல்கள் ஓடுகின்றன. சியாட்டில், வன்கூவர் ஆகிய துறைமுகங்களிலிருந்து புறப்படும் இக்கப்பல்களிற் பெரும்பாலானவை ஏழு நாட் பயணத்தை மேற்கொள்வன. அந்த ஏழு நாளிலே கப்பல் கரைசேரும் துறைகள் மூன்று அல்லது நான்கு. ஒவ்வொரு துறையிலும் அது தங்கும் நேரம் ஏறக்குறைய எட்டு மணித்தியாலம். எனவே, பயணி நிலத்தில் நிற்கும் நேரம் அனைத்தையும் ஒன்றுகூட்டினாலும் ஒன்றரை நாளுக்கு மேல் தேறுவது அரிது.

இச்சிறு பொழுதிலே எதைப் பார்ப்பது, எதை விடுவது என்பதே பயணியின் முன் நிற்கும் வினா. பயணம் தொடங்குமுன்னரே கப்பல் நிறுவனத்தின் பட்டியல் கைக்கு வந்துவிடும். புகையிரதச் சவாரி, திமிங்கிலம் பார்க்கும் படகு, பனிமேல் இறங்கும் ஹெலிகொப்டர், நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டி, மீன்பிடி எனத் துறைக்குத் துறை பல பக்கங்களுக்கு அது நீளும். சிலவற்றின் கட்டணம் பலநூறு டொலர். அவற்றையெல்லாம் ஒருங்கே வைத்து நோக்குவோர் மயங்குவது இயல்பே. எனினும், அந்நிலத்தின் தன்மையைச் சற்று அறிந்துகொண்டால் தெரிவு எளிதாகும்.

அங்கே மலைகள் நேரே கடலில் இறங்குகின்றன. மலைக்கு அப்பால் பெரும் பனிப்பரப்பு. மலைக்கு இப்பால் ஆழ்கடல். இடையிலே அகப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் ஊர்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மாநிலத்தின் தலைநகராகிய ஜூனோவுக்கு வெளியூரிலிருந்து செல்லும் தெருவே கிடையாது. படகிலேனும் விமானத்திலேனும்தான் அங்கே போகலாம். ஆதலின், இப்பகுதியிலே கரைச்சுற்றுலா என்பது பெரும்பாலும் தெருவழிச் செலவு அன்று. கடலையும் காற்றையும் நம்பி மேற்கொள்ளும் செலவு. வானிலை மாறினால் திட்டமும் மாறும். இதனை மனத்திற் கொள்ளாது செய்யும் எந்தத் தெரிவும் உறுதியானதன்று.

முதலாவதாக, கப்பலே காட்டித்தருவது யாது என அறிதல் வேண்டும். கிளேசியர் விரிகுடா என்னும் தேசியப் பூங்கா இதற்குத் தக்க உதாரணம். அங்கே உல்லாசக் கப்பலிற் செல்வோர் கரையிறங்குவதில்லை. நாளொன்றுக்கு இரண்டு பெருங்கப்பல்களுக்கு மாத்திரமே அனுமதி. பூங்காவின் காவலர்கள் கப்பலுக்கே ஏறிவந்து விளக்கம் சொல்வார்கள். 1794ஆம் ஆண்டிலே வன்கூவரின் கடற்குழுவினர் அப்பக்கம் வந்தபோது விரிகுடா இருக்கவில்லை. அதன் வாயிலை அடைத்துக்கொண்டு பனிக்கட்டியே நின்றது. 1879இலே யோன் மியூர் என்னும் இயற்கை ஆய்வாளர் வந்தபோது அப்பனி 40 மைலுக்கு மேற் பின்வாங்கியிருந்தது. இன்று கப்பல் மிதந்து செல்லும் அந்நீர்ப்பரப்பு முழுவதும் அன்று பனிக்கட்டியாக இருந்த இடமே. மேல்தளத்தில் நின்றபடியே பனிக்கட்டியாறு கடலில் உடைந்து வீழ்வதைக் காணும் வாய்ப்பு இங்கே உண்டு. ஆகவே, இவ்விரிகுடாவுக்குச் செல்லும் கப்பலில் இடம் பெற்றவர், பனிக்கட்டியாற்றைத் தொலைவில் நின்று பார்ப்பதற்கென மற்றொரு துறையிலே மீண்டும் பெருந்தொகை செலவிட வேண்டியதில்லை.

இரண்டாவதாக, ஒவ்வொரு துறைக்கும் சிறப்பாக உரியது எது எனக் கேட்டல் வேண்டும். ஒரு துறையிற் கிடைப்பது மற்றொன்றிலும் கிடைக்குமாயின், அதனை நன்றாகக் கிடைக்குமிடத்துக்கு விட்டுவிடலாம்.

ஜூனோவை எடுத்துக்கொள்வோம். நகரிலிருந்து ஏறக்குறைய 12 மைல் தொலைவிலே மெண்டன்ஹால் பனிக்கட்டியாறு இருக்கிறது. தெருவழியே சென்று காணத்தக்க பனிக்கட்டியாறு இது. ஏரியோரமாக ஒரு மைல் நடந்தால், பெரிய அருவியொன்றின் அடிக்கே போய்விடலாம். பாதை பெரும்பாலும் சமதரையானது. முதியவர்களும் மெல்ல நடக்கலாம். பனிக்கட்டியின் மேலேயே காலூன்ற விரும்புவோருக்கு ஹெலிகொப்டர் உண்டு. ஆனால் முகில் தாழ்ந்தால் அது பறக்காது.

அதே ஊரிலே திமிங்கிலங்களும் உண்டு. கூனல் திமிங்கிலங்கள் குளிர்காலத்தை ஹவாய்த் தீவுகளின் வெப்பக் கடலிற் கழித்து, கோடையிலே உணவு தேடி இங்கு வருகின்றன. அங்கே குட்டி ஈன்று ஏறக்குறைய பட்டினி கிடந்தவை, இங்கே மாதக்கணக்காக உண்டு கொழுக்கின்றன. சில வேளைகளில் அவை கூட்டமாகச் சேர்ந்து, நீருக்கடியிலே குமிழிகளை வளையமாக எழுப்பி, மீன்களை அவ்வளையத்துள் அடைத்து, ஒரே முறையில் வாய்பிளந்து மேலெழும். கூனல் திமிங்கிலத்துக்கு 100 யார் தூரத்துக்குள் படகு நெருங்கலாகாது என்பது அங்குள்ள சட்டம். மூடுபனியும் தூறலும் ஹெலிகொப்டரை நிறுத்திவிடும். படகையோ அவை எளிதில் நிறுத்துவதில்லை. ஆகையால், மழைநாளுக்கு ஏற்ற தெரிவு திமிங்கிலப் படகேயாம்.

அடுத்து ஸ்காக்வே. சுற்றுப்புறத்தோடு ஒப்பிடுகையில் இது வறண்ட ஊர். ஆண்டு மழைவீழ்ச்சி முப்பது அங்குலத்தையும் எட்டாது. 1896ஆம் ஆண்டிலே கனடாவின் குளொண்டைக்கிற் பொன் கண்டுபிடிக்கப்பட்டதும், அடுத்த ஈராண்டுகளில் ஆயிரமாயிரம் பேர் இத்துறையிலும் அயலிலும் வந்திறங்கி மலையேறினர். ஓராண்டுக்கான உணவும் கருவியும், ஏறத்தாழ ஒரு தொன் நிறையளவு, கைவசம் இல்லாதவரைக் கனேடியக் காவற்படையினர் எல்லை கடக்க விடவில்லை. அச்சுமையைப் பகுதி பகுதியாகத் தோளிற் சுமந்து, ஒரே மலையைப் பன்முறை ஏறி இறங்கினர். வெள்ளைக் கணவாய்ப் பாதையிலோ சுமை தாங்காது மடிந்த குதிரைகள் ஏறக்குறைய மூவாயிரம் என்பர். 1898இலே தொடங்கி 1900இலே முடித்த புகையிரதப் பாதை, 20 மைல் தூரத்தில் ஏறக்குறைய 2,900 அடி உயரம் ஏறுகின்றது. பாதை முடிந்தபோது பொன்வேட்டை ஓய்ந்துவிட்டது. பாதை மாத்திரம் எஞ்சியது. மூன்றடி அகலமே கொண்ட அச்சிறு பாதையிற் செல்லும் வண்டியிலிருந்து, பழைய சுமைப்பாதையின் தடத்தை இன்றும் காணலாம். இருந்த இடத்தில் இருந்தே பார்க்கக் கூடியதாதலால், நடக்க இயலாதவருக்கும் இது ஏற்றது. சில சுற்றுலாக்கள் கனடா எல்லையைக் கடப்பதால், கடவுச்சீட்டு வேண்டுமா என முன்னரே விசாரித்தல் நன்று.

மூன்றாவது துறை கெச்சிக்கன். இங்கே ஆண்டு மழைவீழ்ச்சி 140 அங்குல அளவினது. மழை பெய்யாத நாளை எதிர்பார்த்து இங்கு திட்டம் வகுத்தல் வீண். ஆனால் இவ்வூரின் சிறப்புக்கு மழை தடையன்று. திலிங்கித், ஹைடா முதலிய பூர்வகுடியினர் செதுக்கிய உயர்ந்த மரத்தூண்கள் இங்குள்ளன. செந்தேவதாரு மரத்தாலான இத்தூண்களை வழிபாட்டுக்குரிய உருவங்கள் எனப் பாதிரிமார் சிலர் பிழையாகக் கருதினர். அவை தெய்வ உருவங்கள் அல்ல. குலத்தின் சின்னங்களையும், முன்னோர் கதைகளையும், இறந்தோர் நினைவையும் அவை தாங்கி நிற்கின்றன. சாக்ஸ்மன் என்னும் சிற்றூர் நகரிலிருந்து இரண்டரை மைல் தூரத்தில் உள்ளது. நகரப் பஸ்ஸிலேயே போய்வரலாம். எனினும், இத்தூண்களை விளக்குவார் ஒருவரோடு சென்று பார்ப்பதே பயன் தரும். விளக்கமின்றிப் பார்ப்பவனுக்கு அவை வெறும் மரமே. யூலை முதல் செத்தெம்பர் வரை செல்பவர், நகரின் நடுவே ஓடும் சிற்றாற்றிலே சல்மன் மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து ஏறுவதையும் ஒரு சதமும் செலவின்றிக் காணலாம்.

கெச்சிக்கனில் மற்றொரு கவர்ச்சியும் உண்டு. நீரிலிருந்து எழுந்து நீரிலேயே இறங்கும் சிறு விமானங்களில், செங்குத்தான பாறைகள் சூழ்ந்த நீர்ப்பள்ளத்தாக்குகளைப் பார்த்துவரலாம். காட்சி ஒப்பற்றது என்பதில் ஐயமில்லை. ஆயினும், தெரிவு செய்வோர் அறிந்திருக்க வேண்டிய செய்தியொன்று உண்டு. 2015 யூன் 25ஆந் திகதி, கப்பற் பயணிகள் எண்மரை ஏற்றிச்சென்ற இத்தகைய விமானம் ஒன்று மலைச்சரிவில் மோதி, விமானியோடு ஒன்பது பேரும் மாண்டனர். முகில் கவிந்து பார்வை மறைந்த நிலையிலும் விமானி தொடர்ந்து பறந்தமையே காரணம் என அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை கண்டது. தீய வானிலையிலும் பறப்பதை வழக்கமாக்கிவிட்ட தொழிற்சூழல் அதற்குத் துணைநின்றது என்றும் அச்சபை கூறியது. 2019 மே மாதத்திலே அதே பகுதியில் இரு சுற்றுலா விமானங்கள் வானில் மோதி அறுவர் இறந்தனர். 2021 ஓகஸ்டிலும் ஒரு விமானம் வீழ்ந்து அறுவர் உயிரிழந்தனர்.

விமானத்தில் ஏறவே கூடாது என்பது இதன் பொருளன்று. ஆயிரக்கணக்கானோர் நலமாகப் பறந்து திரும்புகின்றனர். ஆனால் காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்னும் பழமொழி இங்கே செல்லாது. இத்துணை தூரம் வந்துவிட்டோம், இன்று விட்டால் இனி எப்போது என்னும் எண்ணம் பயணிக்கு எழும். கப்பல் புறப்படும் நேரம் நெருங்குகிறதே என்னும் எண்ணம் விமானியை நெருக்கும். இவ்விரு எண்ணங்களும் சேருமிடத்திலேதான் ஆபத்து இருக்கிறது. ஆகவே, வானிலையால் ஒரு சுற்றுலா நின்றுபோனால் பணம் மீளக் கிடைக்குமா என்பதைப் பதிவு செய்யும்போதே கேட்டறிதல் வேண்டும். மீளக் கிடைக்கும் என்று தெரிந்தவன், ஏறுவதற்குப் பிடிவாதம் பிடிக்கமாட்டான். அதனோடு, முகில் சூழ்ந்தால் அன்று செய்யத்தக்க வேறொன்றையும் மனத்தில் வகுத்து வைத்திருக்க வேண்டும். மாற்றுவழி உள்ளவனுக்கே மறுப்பைப் பொறுக்கும் மனம் வாய்க்கும்.

மூன்றாவதாகக் கருதவேண்டியது நேரம். அலாஸ்காவின் கடிகாரம் சியாட்டிலின் கடிகாரத்துக்கு ஒரு மணித்தியாலம் பின்தங்கியது. சில கப்பல்கள் தம் நேரத்தை மாற்றும், சில மாற்றா. கரையிலுள்ள கடிகாரத்தைப் பார்த்து நடந்தவர், கப்பலின் கடிகாரத்தால் ஏமாற்றமடைதல் கூடும். ஆகவே, இறங்குமுன் கப்பலின் நேரத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். கப்பல் நிறுவனத்தின் வழியாகப் பதிவு செய்த சுற்றுலா தாமதித்தால், கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். அல்லது பயணிகளை அடுத்த துறைக்குச் சேர்ப்பிக்கும் பொறுப்பை நிறுவனம் ஏற்கும். ஊரிலே தனியே பேசிக்கொண்ட சுற்றுலா பெரும்பாலும் மலிவு, கூட்டமும் குறைவு. ஆனால் தாமதமானால் கப்பல் நில்லாது. தெருவற்ற ஊரிலே கப்பலைத் தவறவிடுவது சிறு தொல்லையன்று. ஆதலின், தொலைதூரச் செலவுகளைக் கப்பல் வழியாகவும், ஊருக்குள் அமைந்தவற்றைத் தனியாகவும் வைத்துக்கொள்ளுதல் அறிவுடைமை. எதுவாயினும், கப்பலேறும் நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்னரே திரும்பிவிடும்படி திட்டமிடல் வேண்டும்.

உடலின் நிலையும் நோக்கத்தக்கது. கோடையின் நடுவிலும் ஜூனோவின் பகல் வெப்பநிலை பெரும்பாலும் 18 சதமபாகை அளவே. காற்றும் மழையும் சேர்ந்தால் அதிலும் குளிர் மிகும். பருத்தியாடை நனைந்தால் எளிதில் உலராது, உடற்சூட்டை ஈர்த்துவிடும். உள்ளே மெல்லிய கம்பளியாடை, மேலே சூடுகாக்கும் சட்டை, அதற்கும் மேலே நீர்புகா மேலங்கி என அடுக்கடுக்காக அணிவதே முறை. வெயில் வந்தால் ஒன்றைக் கழற்றலாம். பட்டியலில் ஒவ்வொரு சுற்றுலாவுக்கும் எதிரே குறித்திருக்கும் நடைத்தூரத்தையும், ஏறவேண்டிய படிகளையும் விலையைப் பார்க்குமுன் பார்த்தல் நன்று. ஒரு குடும்பத்திலே இளைஞரும் முதியவரும் இருந்தால், எல்லோரும் ஒரே சுற்றுலாவுக்குச் செல்ல வேண்டும் என்ற நியதியில்லை.

இவற்றோடு, அந்நிலம் மாறிக்கொண்டிருக்கிறது என்பதையும் மறத்தலாகாது. மெண்டன்ஹாலில் 1962ஆம் ஆண்டிலே பார்வையாளர் மண்டபம் திறந்தபோது பனி மிக அருகில் இருந்தது. இன்று அது வெகு தூரம் பின்வாங்கிவிட்டது. அப்பனிக்கட்டியாற்றின் பக்கப் பள்ளம் ஒன்றிலே தேங்கும் நீர், 2011 முதல் அவ்வப்போது பனி அணையின் அடியைக் குடைந்து பெருவெள்ளமாகப் பாய்கின்றது. 2023, 2024 ஓகஸ்ட் மாதங்களில் அவ்வெள்ளம் ஆற்றோர வீடுகளைத் தாக்கியது. ஏறத்தாழ 32,000 பேர் வாழும் ஜூனோவுக்கு, 2023ஆம் ஆண்டிலே 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட கப்பற் பயணிகள் வந்தனர். ஆகவே நாளொன்றுக்கு ஐந்து பெருங்கப்பல்கள் என 2024 முதல் எல்லை வகுக்க ஊரவர் கப்பல் நிறுவனங்களோடு உடன்பட நேர்ந்தது. பயணி காண்பது காட்சிப்பொருள் மாத்திரமன்று, மற்றொருவரின் ஊருமாகும்.

ஆகவே, துறைக்கு ஒன்று எனத் தெரிந்து, அதற்கு ஒரு மாற்றையும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை விட்டுவிடுவதே சாலச் சிறந்தது. ஸ்காக்வேயிலே புகையிரதம், கெச்சிக்கனிலே தூண்கள், ஜூனோவிலே பனியோ திமிங்கிலமோ ஏதாவதொன்று எனக் கொண்டவருக்கு, ஒவ்வோர் ஊரிலும் சற்று நின்று பார்க்கவும், அங்குள்ளவரோடு இரண்டு சொற் பேசவும் நேரமிருக்கும். மூன்று சுற்றுலாக்களை ஒரே நாளில் அடுக்கியவர், கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு திரும்புவார். முகில் இறங்கி, விமானி இன்று பறப்பதற்கில்லை என்று சொல்லும் நாளிலே, அவருக்கு நன்றி கூறி, குடையை விரித்துக்கொண்டு ஆற்றோரம் நடந்து மீன்களைப் பார்த்து வருபவரே அப்பயணத்தை நன்கு தெரிந்தெடுத்தவர் ஆவார்.