வாரத்துக்கு ஒன்று என்றால் வாரத்துக்கு ஒன்றுதான்

காரைக்காலில் ஏதாவதொரு மெடிக்கல் வாசலில் கால்மணி நேரம் நின்று பாருங்கள். சர்க்கரைக்கு மாத்திரை கேட்பவர் கையில் சீட்டு இருக்கும். "சத்து மாத்திரை ஒரு அட்டை குடுங்க" என்பவரிடம் பெரும்பாலும் சீட்டு இருக்காது. சத்து என்று பெயர் வைத்துவிட்டதால் அதுவும் கீரை, முட்டை வரிசையில் சேர்ந்துவிட்டது. கூடப்போனால் என்ன கெட்டுவிடும் என்ற தைரியம் வந்துவிடுகிறது.

கெடும். முக்கியமாக வைட்டமின் டி. குறைபாடு உள்ளவருக்கு டாக்டர் எழுதும் 60,000 யூனிட் காப்ஸ்யூல் பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்று, எட்டு வாரத்துக்கு. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 600 யூனிட் போதும் என்கிறது ஐ.சி.எம்.ஆரின் 2020 பரிந்துரை. அப்படியானால் அந்த ஒரு காப்ஸ்யூல் நூறு நாள் தேவை! மற்ற மாத்திரைகளோடு ஒரே கவரில் வருவதால் வீட்டில் இதையும் தினம் இரவு போட்டுவிடுகிறார்கள். வைட்டமின் சி மிஞ்சினால் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். டி உடம்புக் கொழுப்பில் தங்கும். ரத்தத்தில் கால்சியம் ஏறும். பசி போகும், வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர் என்று தொடரும். முதியவர்கள் குழம்பிப் பேசுவார்கள். "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று நாம் விட்டுவிட்டால், சிறுநீரகம் பழுதான பிறகுதான் விஷயம் வெளியே வரும். மாத்திரையை நிறுத்தினாலும் தங்கியது வடிய வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும்.

எங்கள் ஊருக்கென்று தனியாக ஒரு வில்லங்கம் உண்டு. பிரான்சிலிருந்து வரும் சித்தப்பாவின் பெட்டியில் சாக்லேட்டோடு வைட்டமின் குப்பியும் வரும். அங்கே 1,00,000 யூனிட் அடங்கிய சிறு கண்ணாடிக் குப்பி சர்வசாதாரணம்; சில மாதங்களுக்கு ஒருமுறை குடிப்பது அது. பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்த பெரியவர் வீட்டில் இல்லையென்றால் இங்கே அது டானிக் ஆகிவிடும். டி சொட்டு மருந்துக்குப் பதிலாகச் சத்துப்பொருளாக விற்கும் சொட்டுகளைக் கொடுத்ததில் கைக்குழந்தைகளுக்கு ரத்தத்தில் கால்சியம் ஏறியது என்று 2021 ஜனவரியில் பிரான்சின் மருந்துப் பாதுகாப்பு அமைப்பே எச்சரித்தது. நம் கடைகளிலும் மில்லிக்கு 400 யூனிட், 800 யூனிட் என்று இரண்டு அளவுகளில் சொட்டு மருந்து கிடைக்கிறது. பழைய பாட்டில் தீர்ந்து புதிது வாங்கும்போது அந்த எண்ணைப் பாருங்கள்.

கால்சியம் மாத்திரையில் ஆபத்தைவிட வீணாவதுதான் அதிகம். 2014-இல் வந்த மத்திய அரசு வழிகாட்டுதலின்படி கர்ப்பிணிகளுக்கு 14-ஆவது வாரம் முதல் பிரசவமாகி ஆறு மாதம் வரை, 500 மி.கி. கால்சியம் மாத்திரை தினம் இரண்டு. சாப்பாட்டோடு போட வேண்டும்; இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரண்டையும் ஒன்றாக விழுங்கினால் கால்சியம் இரும்பை உடம்பில் சேரவிடாது. மாத்திரை போட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்கிற பெண்ணிடம், எப்போது போடுகிறாய் என்று முதலில் கேட்க வேண்டும். தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேர இடைவெளி. சிறுநீரகக் கல் வந்தவர்களும் இதயத்துக்கு டிகாக்சின் எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. நெத்திலிக் கருவாடும் கேழ்வரகும் முருங்கைக்கீரையும் புழங்கும் வீட்டுக்கு மாத்திரை தேவையா என்பதையும் அவரே சொல்லட்டும்.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். மருந்துத் தயாரிப்பு உரிம எண் இருந்தால் அது மருந்து. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 14 இலக்க எண் இருந்தால் சட்டப்படி அது உணவு. மருந்தாகப் பயன்படுத்த அல்ல என்று அதில் அச்சிட்டிருக்க வேண்டும். அப்படிப்பட்ட டப்பா மூட்டுவலியைக் குணமாக்கும் என்று சொன்னால் சொல்பவர்மேல் புகார் செய்யலாம்.

2024 ஆகஸ்ட் மாதத்துக்கான மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் தரமற்ற மருந்துப் பட்டியலில் கால்சியம்-டி3 மாத்திரையும் இருந்தது. பட்டியலிலிருந்த சில பேட்சுகள் தங்களுடையவையே அல்ல, போலி என்றன கம்பெனிகள். சந்தேகம் வந்தால், 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் 26-ஆவது பிரிவின்படி, வாங்கியவரே கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் மாத்திரையைக் கொடுத்துச் சோதித்து அறிக்கை பெறலாம். அதற்குப் பேட்ச் எண் வேண்டும். அட்டையை நறுக்கி நான்கு மாத்திரை வாங்கினால் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் கடையிலேயே தங்கிவிடும்.

பில்லும் வேண்டும்; கடை எந்த ஊரில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் புகார் எங்கே போகும் என்பது. வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர், நண்டலாற்றைத் தாண்டினால் பொறையார். டாக்டருக்கும் மருந்துக்கும் நாம் அந்தப் பக்கம் போகிறோம். கடை காரைக்காலில் இருந்தால் புதுச்சேரி மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. நாகூரில் இருந்தால் தமிழ்நாட்டின் துறை. நுகர்வோர் வழக்குக்கு இந்த எல்லைத் தொல்லை இல்லை. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எங்கே வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்துக்குரிய ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வழி கேட்க 1915. பக்கவிளைவைப் பதிவுசெய்ய 1800-180-3024.

உடம்பில் கோளாறு தெரிந்தால் இதெல்லாம் அப்புறம். சத்து மாத்திரையை நிறுத்திவிட்டு, வீட்டிலுள்ள அட்டை, டப்பா, குப்பி அத்தனையையும் ஒரு பையில் போட்டு அரசு பொது மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள். பிரான்ஸ் குப்பியையும் விட்டுவிடாதீர்கள். பிரெஞ்சு தெரியாத டாக்டருக்கும் அதிலுள்ள எண் புரியும்.