வலிக்கிற சீட்டும் ஆடுகிற கீலும்

மலிவு விலையில் முதல்முறையாக மடக்கு சைக்கிள் வாங்குகிறவர்கள் திரும்பத் திரும்ப ஒரே தவற்றைச் செய்கிறார்கள். உட்கார்ந்தால் வலிக்கிறது, முட்டி கடுக்கிறது என்று வாங்கிய மாதமே பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். ஹேண்டில் ஆட்டம் கொடுத்தால் மட்டும் பொறுத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். கீலுக்குள் பழைய டியூப்பை நறுக்கித் திணித்து, மேலே கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி, அந்த வண்டியில் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கேட்டால், "விலை குறைச்சலான வண்டிதானே, அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள்.

செய்யவேண்டியது இதற்கு நேர் எதிர். வலி பெரும்பாலும் ஒரு அலன் கீயோடு அரை மணி நேரத்தில் தீரக்கூடியது. ஆட்டம் அப்படியல்ல. முறைப்படி ஒரு தடவை இறுக்கியும் ஆட்டம் நிற்கவில்லையென்றால் அது விற்ற பொருளில் உள்ள குறை. பத்தாயிரம் ரூபாய் வண்டியானாலும் பணத்தைத் திருப்பிக் கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு.

முதலில் வலியை முடித்துவிடலாம். சாதாரண சைக்கிளில் சீட் உயரத்தை ஒருமுறை வைத்தால் வைத்ததுதான். மடக்கு சைக்கிளில் ஒவ்வொரு முறை மடக்கும்போதும் சீட் கீழே இறங்குகிறது; விரிக்கும்போது குத்துமதிப்பாக ஏற்றுகிறோம். புதிதாக ஓட்டுபவர்கள், இரண்டு காலும் தரையில் முழுதாக ஊன்ற வேண்டும் என்ற பயத்தில் தாழ்த்தியே வைத்துவிடுகிறார்கள். மிதிக்கும் ஒவ்வொரு சுற்றிலும் முட்டி அளவுக்கு மீறி மடங்குகிறது. காலில் இறங்கவேண்டிய பாரமெல்லாம் இடுப்புக்கு அடியில் போய் உட்காருகிறது. பிறகு சீட்டைத் திட்டுகிறோம்.

சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வையுங்கள். இடுப்பு சரியாமல் கால் நேராக நீண்டால் அதுதான் உங்கள் உயரம். ஓட்டும்போது குதிகாலுக்குப் பதில் முன்பாதத்தால் மிதிப்பீர்கள். அப்போது முட்டியில் லேசான மடிப்பு தானாக வந்துவிடும். இந்த உயரத்தில் உட்கார்ந்தபடி காலை முழுதாக ஊன்ற முடியாது. சிக்னலில் சீட்டைவிட்டு முன்னால் இறங்கித்தான் நிற்க வேண்டும், ஒரு வாரத்தில் பழகிவிடும். உயரம் அமைந்ததும் சீட் குழாயில் அந்த இடத்தைச் சுற்றி ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை விரிக்கும்போது டேப் வரைக்கும் ஏற்றினால் போதும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சீட் குழாயின் கீழ்ப்பகுதியில் குறுக்குக் கோடு ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். குறைந்தது அவ்வளவு குழாயாவது ஃபிரேமுக்குள் இருக்க வேண்டும் என்பதற்கான அடையாளம் அது. அந்தக் கோடு வெளியே தெரியக் கூடாது. மடக்கு சைக்கிளின் சீட் குழாய் மற்ற வண்டிகளைவிட மிக நீளம். கோட்டுக்கு மேல் ஏற்றினால் மொத்த பாரமும் நெம்புகோல் மாதிரி ஃபிரேமின் வாயைப் பிளக்கும், அல்லது குழாய் முறியும். உங்கள் உயரத்துக்குச் சரியான இடம் கோட்டைத் தாண்டித்தான் வருகிறது என்றால் அந்த வண்டி உங்களுக்குச் சிறியது. இதை வண்டி வந்த அன்றைக்கே பாருங்கள், திருப்பி அனுப்பும் கெடு முடிந்த பிறகு பார்க்காதீர்கள்.

சீட்டின் மூக்கு மேல்நோக்கித் தூக்கியிருந்தால் இடுப்புக்கு அடியில் மரத்துப்போகும், கீழ்நோக்கிச் சரிந்திருந்தால் கையில் பாரம் விழும். தரைக்கு இணையாக வைத்துத் தொடங்குங்கள். வலி வந்தவுடனே மெத்துமெத்தென்று ஜெல் உறை வாங்கிப் போட வேண்டாம். அது அமுங்கிக் கொடுத்துத் தொடையில் உராய்ந்து வேறு புண்ணை உண்டாக்கும். முதல் இரண்டு வாரம் குறைந்த தூரமே ஓட்டுங்கள். மரத்துப்போவதை மட்டும் பொறுக்காதீர்கள். உடனே இறங்கி சரிவை மாற்றுங்கள்.

சின்னச் சக்கரம் பள்ளத்தில் ஆழமாக இறங்கும், நம் சாலைகளில் அதுவும் ஒரு வேதனை. டயரின் பக்கவாட்டில் காற்றழுத்த அளவு அச்சிட்டிருக்கும். உச்ச அளவைத் தாண்டாமல், உடல் எடை குறைந்தவர்கள் அதற்குச் சற்றுக் கீழேயே நிரப்பினால் குலுக்கல் குறையும். பெட்ரோல் பங்க் காற்று வேண்டாம். அந்தக் கம்ப்ரசர் இவ்வளவு சின்ன டியூப்பைக் கண் இமைப்பதற்குள் வெடிக்க வைத்துவிடும். மீட்டர் வைத்த கால் பம்ப் ஒன்று வாங்குங்கள். அதே டயரில் 47-406 என்பதுபோல் ஓர் எண்ணும் இருக்கும். 406 என்பது ரிம்மின் அளவு. 20 அங்குலம் என்ற ஒரே பெயரில் 451 அளவு ரிம்மும் விற்கிறது, ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. கடைக்காரரிடம் 20 இன்ச் என்று மட்டும் சொல்லாமல் இந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். 406 என்றால் கவலையில்லை, குழந்தைகள் சைக்கிளுக்கு விற்கும் டியூப்பே பெரும்பாலும் போதும்.

ஆன்லைனில் வாங்கும் வண்டி பாதி பூட்டியும் பாதி பூட்டாமலும் வருகிறது. பெடலை நாம்தான் மாட்ட வேண்டும். இடது பெடலுக்கு இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிராகத் திருப்பினால்தான் இறுகும். பெடல் அச்சின் முனையில் இடது, வலது என்பதற்கான ஆங்கில எழுத்து இருக்கும். இது தெரியாமல் ஸ்பேனரைப் போட்டு முரட்டுத்தனமாகத் திருகுகிறார்கள். கிராங்கின் மரை போய்விடுகிறது. கம்பெனியைக் கூப்பிட்டால் நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்கிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. முதல் இரண்டு மூன்று சுற்று கையாலேயே ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் நிறுத்திவிட்டு நல்ல மெக்கானிக்கிடம் போங்கள்.

இனி ஆட்டம். ஓட்டுவதற்கு முன் ஒவ்வொரு முறையும், ஆம், ஒவ்வொரு முறையும், இரண்டு லாக்குகளையும் பாருங்கள்: ஃபிரேமின் நடுவில் ஒன்று, ஹேண்டில் தண்டின் அடியில் ஒன்று. லிவரை மூடும்போது உள்ளங்கையில் தடம் பதிகிற அளவு அழுத்தம் வேண்டும். விரலால் தட்டினாலே மூடிக்கொண்டால் அது பூட்டவில்லை என்று அர்த்தம். இரண்டாவது பாதுகாப்புக் கொக்கி இருந்தால் அதுவும் விழுந்திருக்க வேண்டும். பிறகு முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசையுங்கள், ஒரு கையைக் கீலின்மேல் வைத்திருங்கள். கையில் 'டக்' என்று தெரிந்தால் விளக்கக் குறிப்பில் சொன்னபடி லாக்கின் சரிசெய்யும் நட்டை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். மறுபடி 'டக்' வந்தால் ஓட்டாதீர்கள். கீலைச் சுற்றியுள்ள வெல்டிங்கில் முடி போன்ற கோடோ, பெயின்ட் விரிசலோ தெரிந்தாலும் ஓட்டாதீர்கள். தெருமுனை வரைக்கும்தானே என்று ஓட்டாதீர்கள். ஹேண்டில் தண்டு ஓட்டத்தில் மடங்கினால் கைகொடுத்து விழக்கூட நேரம் இருக்காது. டேப் சுற்றுவது, டியூப் திணிப்பது, லோக்கல் பட்டறையில் மேலே ஒரு வெல்டிங் வைப்பது எல்லாமே ஆபத்து. கூடவே உங்கள் வழக்கையும் கெடுப்பவை. நீங்கள் கை வைத்த பிறகு குறை யாருடையது என்று நிரூபிக்க முடியாது.

அதனால் ஆட்டம் தெரிந்த அன்றைக்கே கைபேசியில் காணொளி எடுங்கள். லாக் மூடியிருப்பது தெரிய வேண்டும், அதோடு கீல் அசைவதும் தெரிய வேண்டும். கிராங்குக்கு அடியில் ஃபிரேமில் பொறித்திருக்கும் எண்ணையும் அதே காணொளியில் காட்டுங்கள். இந்த வண்டிதான் அது என்பதற்கு வேறு சாட்சி கிடையாது. அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் அதில்தான் இருக்கின்றன. பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் வாங்கவே வேண்டாம். சைக்கிளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கிவிட்டது. அந்த 5 சதவீதத்தை மிச்சம் பிடிக்க மொத்த உரிமையையும் விற்கிறீர்கள்.

புகார் சொன்னதும் வழக்கமாக வரும் பதில், "ரிட்டர்ன் டைம் முடிஞ்சிருச்சு சார்." இதைக் கேட்டுப் பேசாமல் திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். ஏழு நாள், பத்து நாள் என்பதெல்லாம் கம்பெனி வைத்துக்கொண்ட கெடு. 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகளின்படி, பொருளில் குறை இருந்தாலோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாவிட்டாலோ விற்பவர் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள மறுக்கக் கூடாது. ஒவ்வொரு தளமும் குறைதீர்க்கும் அலுவலர் ஒருவரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆகவே வாடிக்கையாளர் சேவை எண்ணில் மணிக்கணக்காகப் பேசி நேரத்தைக் கழிக்காதீர்கள். அந்த அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பில் எண், தேதி, குறை, என்ன வேண்டும் என்ற நான்கும் இருந்தால் போதும். அரட்டைப் பெட்டியில் வந்த பதில்களையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், அவை மறைந்துபோகும்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: அது நீதிமன்றம் அல்ல. புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவதோடு அதன் வேலை முடிகிறது. கம்பெனி ஏதோ ஒரு பதிலை எழுதிவிட்டால் போதும், உங்கள் புகார் 'முடிக்கப்பட்டது' ஆகிவிடும். குறை அப்படியே இருக்கும். முடிந்துவிட்டது என்ற குறுஞ்செய்தியைப் பார்த்து வழக்கே தோற்றுவிட்டதாக நினைத்துக் கைவிடுகிறார்கள். உண்மையான கதவு அதற்கு அப்புறம்தான் இருக்கிறது: மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற அல்லது வேலை பார்க்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனி டெல்லியில் இருந்தாலும் நீங்கள் அங்கே போக வேண்டாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே கிடையாது. கவனியுங்கள், கணக்கில் வருவது நீங்கள் கொடுத்த விலை. கேட்கும் நஷ்டஈட்டை அதில் சேர்க்க மாட்டார்கள். வக்கீலும் கட்டாயம் இல்லை. 2025 ஜனவரி முதல் இருக்கும் இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம்.

மனுவில் எதிர்மனுதாரர்களை விடாமல் சேருங்கள்: பில்லில் விற்பனையாளராக உள்ளவர், விற்ற தளம், பெட்டியில் பெயர் உள்ள தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர். ஒருவரை விட்டுவிட்டால் மற்ற இருவரும் அவர்மேல் பழியைப் போட்டுவிட்டு நழுவிவிடுவார்கள். நடந்ததைத் தேதி வரிசையில் எழுதுங்கள். பில், படங்கள், மின்னஞ்சல்கள், காணொளி ஆகியவற்றை எண்ணிட்டு இணையுங்கள். சொன்னது உண்மை என்று ஒரு பிரமாணப் பத்திரம் வேண்டும். கடைசியில் விலையைத் திருப்பித் தருவது, மன உளைச்சலுக்கு ஈடு, வழக்குச் செலவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். கேட்காததைப் பெரும்பாலும் யாரும் தர மாட்டார்கள். விழுந்து அடிபட்டிருந்தால் மருத்துவச் சீட்டுகளோடு பொருள் பொறுப்பு என்ற பிரிவின் கீழும் கேட்கலாம். சரியாகப் பயன்படுத்துவது எப்படி என்ற போதிய குறிப்போ எச்சரிக்கையோ தராததற்கும் தயாரிப்பாளர் பொறுப்பு என்று சட்டம் சொல்கிறது. புரியாத மொழியில் ஒற்றைத் தாளைப் பெட்டியில் போட்டு அனுப்புகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

வழக்குப் போடக் கெடு இரண்டு ஆண்டு. வாரண்டிக் கடையில் நாலு தடவை அலைந்து, அவர்கள் வாங்கிவைத்து, பாகம் வரவில்லை என்று இழுத்து, அந்த இரண்டு ஆண்டு ஓடிப்போவதைப் பார்க்கிறேன். அவர்கள் இழுத்த காலத்தை யாரும் உங்கள் கணக்கில் கழித்துத் தரப்போவதில்லை. தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போடலாம்தான், அது ஆணையம் பார்த்துத் தருவது.

எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், மேற்கொண்டு 15 நாள் அவகாசம் கொடுக்கலாம். அதற்கு மேல் நீட்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020-இல் தீர்ப்பளித்தது. ஆனால் அந்த நாள்கணக்கு, நோட்டீசோடு மனுவின் நகலும் அவர்கள் கைக்குப் போன நாளிலிருந்துதான் தொடங்கும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆகவே இரண்டும் சேர்ந்து போயிற்றா என்று ஆணைய அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்யுங்கள். மூன்று மாதத்தில், பொருளைப் பரிசோதனைக்கு அனுப்பினால் ஐந்து மாதத்தில் வழக்கை முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். உறுப்பினர் இடங்களைக் காலியாகவே வைத்துவிட்டு இந்தக் கெடுவை எப்படிக் காப்பாற்றுவது என்று அரசுகளைத்தான் கேட்க வேண்டும்.

வாங்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மெட்ரோவில் கொண்டுபோகலாம் என்று நினைத்து வாங்குவதாக இருந்தால், முதலில் உங்கள் ஊர் விதியை எழுத்தில் பாருங்கள். பெங்களூரு மெட்ரோ 2022-இல் மடக்கு சைக்கிளை அனுமதித்தது. மடித்த பின் 60, 45, 25 சென்டிமீட்டருக்குள், எடை 15 கிலோவுக்குள் என்று அளவு வைத்தது. மிகச் சிறியதாக மடங்கும் என்று பெயரெடுத்த லண்டன் பிராம்ப்டனே அதில் அடங்காது. 20 அங்குலச் சக்கரம் வைத்த மலிவு வண்டி அடங்க வழியே இல்லை. ஒரு சைக்கிளின் மேல் அளவுநாடாவை வைத்துப் பார்த்தவர் யாரும் இந்த எண்களை எழுதியிருக்க மாட்டார். வாசலில் காவலர் தடுத்தால் கடைக்காரர் வந்து நிற்கப்போவதில்லை. அளந்த பிறகு பணம் கட்டுங்கள்.

புகார் கொடுத்த சில நாளில் கம்பெனி ஆள் ஒருவர் வீட்டுக்கு வரக்கூடும். சரிசெய்து தருகிறோம் என்று வண்டியைக் கேட்பார், அல்லது கீலை மட்டும் மாற்றிவிட்டுப் பழையதை எடுத்துப் போவார். ஆணையம் பரிசோதனைக்கு அனுப்பினால் அந்தப் பழைய கீல்தான் உங்கள் சாட்சி. கழற்றிய பாகத்தைக் கொடுக்காதீர்கள். வண்டியையே கொடுக்கவேண்டி வந்தால், வந்தவரின் பெயர், தேதி, ஃபிரேம் எண், "கீலில் ஆட்டம் உள்ளது" என்ற வரி, கையெழுத்து எல்லாம் உள்ள ரசீது கைக்கு வந்த பிறகு கொடுங்கள். ரசீது புத்தகம் கொண்டுவரவில்லை என்றால் வெள்ளைத் தாளில் எழுதி வாங்குங்கள். அதற்கும் மறுத்தால் வண்டி வீட்டிலேயே இருக்கட்டும்.