சில மணி நேரத்தைக் கடப்பதற்கு

சாக வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டால் அது இரவும் பகலும் ஒரே அளவில் மனதை அழுத்திக்கொண்டே இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். இதைச் சரிபார்க்க மருத்துவர்களுக்கும் நெடுங்காலம் வழி இருக்கவில்லை. மாதம் ஒருமுறை வருகிறவரிடம் “எப்படி இருந்தீர்கள்?” என்று கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும். கைபேசி வந்தபின் நிலைமை மாறியது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஈவன் கிளைமன் குழுவினர், தற்கொலை எண்ணம் உள்ளவர்களின் கைபேசிக்கு நாளில் பலமுறை கேள்வி அனுப்பி, அந்த நேரத்து எண்ணத்தின் தீவிரத்தைப் பதிவுசெய்யச் சொன்னார்கள். முடிவுகள் 2017இல் வெளிவந்தன. கொஞ்ச நேரம் முன்பு உச்சத்தில் இருந்த எண்ணம், சில மணி நேரத்திலேயே வெகுவாகத் தணிந்திருந்தது. பிறகு ஏறியது, மறுபடி இறங்கியது.

மனச்சோர்வு மாதக்கணக்கில் நீடிக்கலாம். அதன் மிக ஆபத்தான நேரமோ பெரும்பாலும் மணிக்கணக்குதான். இதைவிட நம்பிக்கை தரும் செய்தி இந்தத் துறையில் எனக்குத் தெரிந்து குறைவு. மருந்தும் மனநலச் சிகிச்சையும் பலன் தரச் சில வாரங்கள் ஆகும். அதுவரை அந்த மணி நேரங்களை ஒவ்வொன்றாகக் கடக்க வேண்டும்.

கடப்பது ஏன் அவ்வளவு கடினம்? பிரிட்டன் உளவியலாளர் மார்க் வில்லியம்ஸ் 1986இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு வெளிச்சம் தருகிறது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களிடம் ஒரு சொல்லைக் கொடுத்து, அதையொட்டித் தங்கள் வாழ்வில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லச் சொன்னார்கள். ‘மகிழ்ச்சி’ என்றால், போன தீபாவளியன்று அக்கா மகள் மடியில் தூங்கிப்போனாள் என்று நம்மில் ஒருவர் சொல்வார்; ஒரு நாள், ஒரு இடம், ஒரு முகம். அவர்களுக்கு அப்படிக் குறிப்பாக எதுவும் எளிதில் நினைவுக்கு வரவில்லை. “முன்பெல்லாம் நன்றாக இருந்தேன்” என்கிற மாதிரி பொத்தாம்பொதுவாகவே வந்தது. போன தடவை எப்படி மீண்டோம் என்பதே ஞாபகத்துக்கு எட்டாதபோது, வேறு வழி இருப்பது எப்படித் தெரியும்? “கொஞ்சம் யோசித்துப் பார்” என்ற அறிவுரை அந்த நேரத்தில் பலிக்காததற்கு இது ஒரு காரணம். அப்படி யோசிக்க முடியாததைச் சோம்பல், கோழைத்தனம் என்று பேசுவது அநியாயம்.

அதனால் முன்கூட்டியே யோசித்து எழுதிவைக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர்கள் பார்பரா ஸ்டான்லியும் கிரிகரி பிரவுனும் வடிவமைத்த ‘பாதுகாப்புத் திட்டம்’ ஒரே தாளில் அடங்கும். மனம் தெளிந்திருக்கும்போது, சிகிச்சை தருபவரோடு உட்கார்ந்து, பாதிக்கப்பட்டவர் தன் சொற்களிலேயே எழுத வேண்டும். நம் ஊரில் ஒருவருடைய தாள் இப்படி இருக்கலாம்: சாயங்காலம் வீடு திரும்பியதும் ‘நான் எல்லோருக்கும் பாரம்’ என்று மனசு ஓட ஆரம்பித்தால், அதுதான் அறிகுறி. முகம் கழுவி, பாட்டு போடணும். அடங்காவிட்டால் சித்தப்பா கடையில் போய் உட்காரணும். எதையும் சொல்லத் தேவையில்லை, நாலு பேர் வந்துபோகிற இடம் போதும். அதற்கும் அடங்காவிட்டால் அக்காவிடம் விஷயத்தைச் சொல்லணும். அடுத்து மருத்துவரின் எண், உதவி எண். ஆபத்தான பொருள்களை வீட்டில் வைக்காமல் யாரிடம் ஒப்படைப்பது என்பதும் அதில் இருக்கும். இந்தத் தாளோடு, பின்னர் தொலைபேசியில் விசாரிப்பதும் சேர்ந்தபோது, முன்னாள் ராணுவத்தினரிடையே அடுத்த 6 மாதங்களில் தற்கொலை சார்ந்த நடத்தை சுமார் 45 சதவீதம் குறைந்திருந்ததாக 2018இல் பதிவானது.

விசாரிப்பதன் பலனை இன்னும் துலக்கமாகக் காட்டியது உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு. அது நடந்த ஐந்து இடங்களில் இரண்டு, சென்னையும் கொழும்பும். தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேர் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் தனியாக உட்கார்ந்து பேசினார்கள். பிறகு 18 மாதங்களில் 9 முறை, போனிலோ நேரிலோ நலம் விசாரித்தார்கள். புது மருந்து எதுவும் இல்லை. 2008இல் முடிவு வந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் அது 0.2 சதவீதம். பணக்கார நாட்டு வசதி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை என்பதை நம் அரசு மருத்துவமனைகள் ஒவ்வொன்றும் கவனிக்க வேண்டும்.

“சாகணும்னு தோணுதா?” என்று நேராகக் கேட்டால் எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று வீட்டார் தயங்குகிறார்கள். கேட்பதால் எண்ணம் கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. சிலருக்கு மனம் லேசாகவும் செய்கிறது. ஆமாம் என்றால், பதறாமல், அறிவுரை சொல்லாமல், முழுவதும் கேளுங்கள். உயிருக்கு உடனடி ஆபத்து என்று தோன்றினால் தனியே விடாமல் அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப்போங்கள். இந்தியாவில் டெலி மானஸ் எண் 14416. இரவிலும் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104, இலங்கையில் 1926. கூப்பிட வேண்டியது பாதிக்கப்பட்டவர் மட்டுமில்லை. அவர் பக்கத்தில் கவலையோடு இருப்பவரும் கூப்பிடலாம்.