கேமராவின் இரண்டு கண்கள்

மாணவர்களே, ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். உங்கள் பெருவிரலை முகத்துக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் நிறுத்துங்கள். இடக்கண்ணை மூடிக்கொண்டு வலக்கண்ணால் பாருங்கள். பிறகு வலக்கண்ணை மூடி இடக்கண்ணால் பாருங்கள். பின்னால் உள்ள சுவரில் விரல் இங்கும் அங்குமாகத் தாவுகிறதல்லவா? இப்போது கையை நன்றாக நீட்டி அதையே செய்யுங்கள். தாவல் குறைந்துவிடும். வாசலுக்கு எதிரே இருக்கும் விளக்குக் கம்பத்தைப் பார்த்தால் தாவல் கண்ணுக்கே தெரியாது.

இதற்கு இடமாறு தோற்றம் என்று பெயர். பொருள் அருகில் இருந்தால் தாவல் அதிகம். தூரத்தில் இருந்தால் குறைவு. அப்படியானால் தாவலை அளந்தால் தூரம் தெரிந்துவிடும். பொருளின் பக்கம் போக வேண்டாம், அளவு நாடாவும் வேண்டாம். உங்கள் தாத்தா காலத்துக் கேமரா ஒன்று இந்த வேலையைத்தான் செய்தது. அதை ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா என்பார்கள். தூரம் காணும் கேமரா என்று நாம் வைத்துக்கொள்ளலாம்.

பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலில் வார இறுதியில் நடக்கும் பழைய பொருள் சந்தைக்குப் போனால் இத்தகைய கேமராக்களைப் பார்க்கலாம். இப்போது மாணவர்கள் சிலர் சேமித்த ரிங்கிட்டை எடுத்துக்கொண்டு போய் வாங்கி வருகிறார்கள். "சார், எது நல்லது?" என்பதுதான் என்னிடம் வரும் கேள்வி. கடைக்காரர் சொல்லும் பெயரைக் கேட்டு வாங்குவதைவிட, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது. ஒரு படச்சுருளில் 36 படங்கள்தான். சுருளுக்கும் பணம், கழுவுவதற்கும் பணம். மங்கலான படத்தை உடனே பார்த்து அழித்துவிட்டு மறுபடி எடுக்க வழியில்லை.

ஜன்னல் இரண்டு, படம் ஒன்று

கேமராவின் முன்பக்கம் பாருங்கள். மேலே பெரிய ஜன்னல் ஒன்று, சற்றுத் தள்ளிச் சின்ன ஜன்னல் ஒன்று. இவைதான் இரண்டு கண்கள். பெரிய ஜன்னலுக்குப் பின்னால், பாதி ஒளியை ஊடுருவ விட்டு மீதியைப் பிரதிபலிக்கும் ஒரு கண்ணாடி சாய்வாக நிற்கிறது. சின்ன ஜன்னல் வழியாக வரும் ஒளியை இன்னொரு கண்ணாடி அதன் பக்கம் திருப்பிவிடுகிறது. கண்ணை வைத்துப் பார்த்தால் நடுவில் மஞ்சளான ஒரு சிறு கட்டம் தெரியும். அந்தக் கட்டத்துக்குள் உங்கள் நண்பனுக்கு மூக்கு இரண்டு! லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டு மூக்கும் நெருங்கி வந்து ஒன்றாகும். ஒன்றான அந்த நொடியில் லென்ஸும் சரியான இடத்துக்கு வந்திருக்கும்.

எப்படி? நான்காம் படிவ இயற்பியலில் படிக்கும் லென்ஸ் சூத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 40 மில்லிமீட்டர் குவியத் தூரம் உள்ள லென்ஸ், வெகுதூரப் பொருளைத் தனக்குப் பின்னால் சரியாக 40 மில்லிமீட்டரில் குவிக்கும். 3 மீட்டரில் நிற்பவரை 40.54 மில்லிமீட்டரில் குவிக்கும். 1 மீட்டரில் நிற்பவரை 41.67 மில்லிமீட்டரில். ஆக, ஒரு மீட்டரிலிருந்து அடிவானம் வரைக்கும் லென்ஸ் நகர வேண்டியது 1.67 மில்லிமீட்டர் மட்டுமே. லென்ஸ் இப்படி நகரும்போது ஒரு சிறு நெம்புகோல் அதைத் தொட்டுக்கொண்டே நகர்ந்து உள்ளே உள்ள கண்ணாடியைத் திருப்புகிறது. பல கேமராக்களின் அமைப்பு இதுதான்.

அந்தத் திருப்பம் எவ்வளவு? ஜன்னல்களுக்கு இடையே 30 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 1 மீட்டரில் உள்ள பொருளுக்கு இரண்டு பார்வைக் கோடுகளுக்கும் இடையே உள்ள கோணம் 1.7 பாகை. 3 மீட்டரில் 0.57 பாகை. 10 மீட்டரில் 0.17 பாகை. கண்ணாடி இதில் பாதிதான் திரும்ப வேண்டும். கண்ணாடி ஒரு பாகை திரும்பினால் பிரதிபலித்த ஒளி இரண்டு பாகை திரும்பும் என்பது உங்களுக்குத் தெரியும். பத்து மீட்டரிலிருந்து முடிவிலி வரை மிச்சம் இருப்பது பாகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத கண்ணாடித் திருப்பம்! கேமராவைக் கீழே போட்டால் ரேஞ்ச்ஃபைண்டர் கெட்டுவிடுவதற்கு இதுதான் காரணம்.

அடித்தளம் நீளமாக இருந்தால்

இந்த உத்தி கேமராவுக்கு வருவதற்கு முன்பே நிலத்தை அளந்தது. 1802இல் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே ஏறக்குறைய 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு கோட்டைச் சங்கிலி வைத்து மிகத் துல்லியமாக அளந்தார். அதன் இரு முனைகளிலிருந்தும் கோணங்களை எடுத்து, முக்கோணத்தின் மேல் முக்கோணமாக இந்தியா முழுவதையும் அளக்கும் பெரும்பணி அங்கிருந்து கிளம்பியது. போர்க்கப்பல்களும் இதையே பயன்படுத்தின. ஜப்பானின் யமாட்டோ கப்பலில் இருந்த ரேஞ்ச்ஃபைண்டரின் இரு கண்களுக்கும் இடையே 15 மீட்டர்! அதைச் செய்த நிப்பான் கொகாக்குதான் போருக்குப் பிறகு நிக்கான் கேமராக்களைச் செய்த நிறுவனம். கேமராவில் லென்ஸோடு இணைந்த ரேஞ்ச்ஃபைண்டரை 1932இல் ஜெர்மனியின் லைக்கா 2 பிரபலமாக்கியது.

அடித்தளம் நீண்டால் துல்லியம் கூடும். 1954இல் வந்த லைக்கா எம் 3 கேமராவில் ஜன்னல்களின் இடைவெளி 68.5 மில்லிமீட்டர். பார்க்கும் ஜன்னல் உருவத்தை 0.91 மடங்காகக் காட்டுகிறது. இரண்டையும் பெருக்கினால் 62 மில்லிமீட்டர் வரும். இதுதான் பயனுள்ள அடித்தளம். சட்டைப் பைக்கு ஏற்ற கேமராவில் அவ்வளவு இடம் ஏது? 20 மில்லிமீட்டர் இடைவெளி, 0.5 மடங்கு உருவம் என்று எடுத்துக்கொண்டால் 10 மில்லிமீட்டர்தான் கிடைக்கும்.

அது போதுமா? இங்கேதான் கணக்கு சுவையாகிறது. நம் கண் ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கைப் பிரித்தறியும் என்று கொள்வோம். தூரத்தில் வரும் பிழையைக் கண்டுபிடிக்க, தூரத்தின் வர்க்கத்தை அந்தக் கோணத்தால் (0.0003 ரேடியன்) பெருக்கி, அடித்தளத்தால் வகுக்க வேண்டும். 10 மில்லிமீட்டர் அடித்தளத்தில், 1 மீட்டரில் பிழை 3 சென்டிமீட்டர். 3 மீட்டரில் 27 சென்டிமீட்டர். மோசம் என்று தோன்றும். ஆனால் 40 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 1.7 அளவுக்கு முழுவதும் திறந்து 3 மீட்டரில் குவித்தால், வழக்கமான கணக்குப்படி 2.74 மீட்டரிலிருந்து 3.32 மீட்டர் வரை உள்ளவை தெளிவாக விழும். முன்னால் 26 சென்டிமீட்டர், பின்னால் 32. பிழையும் அனுமதியும் ஏறக்குறைய சமம்! துளையை எஃப் 8க்குச் சுருக்கினால் 2.1 மீட்டரிலிருந்து 5.4 மீட்டர் வரை தெளிவு. அப்போது பிழை ஒரு பொருட்டே இல்லை.

இந்தச் சிறு கேமராக்களில் லென்ஸைக் கழற்றி நீண்ட லென்ஸ் மாட்ட ஏன் வழியில்லை என்பதற்கும் இது ஒரு காரணம். நீண்ட லென்ஸுக்குத் தெளிவு எல்லை மிகவும் ஒடுங்கிவிடும். குட்டை அடித்தளத்தால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது.

இனி கேமராக்களைப் பார்ப்போம்

கேனனெட் 1961இல் வந்தது. சந்தையில் அதிகம் தேடப்படுவது 1972இல் வந்த கேனனெட் கியூஎல் 17 ஜி-3. லென்ஸ் 40 மில்லிமீட்டர், எஃப் 1.7. நீங்கள் ஷட்டர் வேகத்தை வைத்தால் துளையைக் கேமரா தேர்ந்தெடுக்கும். பேட்டரி செத்துப்போனாலும் ஷட்டர் எல்லா வேகத்திலும் வேலை செய்யும். துளையை நீங்களே வைத்துக்கொள்ளலாம். கற்றுக்கொள்ள வருபவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான்.

யாஷிகா எலெக்ட்ரோ 35 (1966) இதற்கு நேர்மாறு. நீங்கள் துளையை வைத்தால் ஷட்டர் வேகத்தை மின்சுற்று முடிவு செய்யும். லென்ஸ் 45 மில்லிமீட்டர், எஃப் 1.7, படங்கள் மிக அழகு. ஆனால் உடம்பு பெரிது. பேட்டரி இல்லாவிட்டால் ஷட்டர் ஏறக்குறைய 1/500 விநாடி என்ற ஒரே வேகத்தில்தான் அடிக்கும். உள்ளே ஒரு சிறு ரப்பர் துண்டு காலப்போக்கில் கரைந்து ஷட்டர் குழம்பிவிடுவது இதன் பரம்பரை நோய்.

ஒலிம்பஸ் எக்ஸ்ஏ 1979இல் வந்தது. யோஷிஹிசா மைதானி வடிவமைத்தது. எடை சுமார் 225 கிராம். முன்மூடியை நகர்த்தினால் லென்ஸ் வெளிப்படும். லென்ஸ் 35 மில்லிமீட்டர், எஃப் 2.8. குவியத் தூரமும் குறைவு, துளையும் சிறிது. அதனால் தெளிவு எல்லை அகலம். குட்டையான அடித்தளமே அதற்குப் போதும். சாமர்த்தியமான வடிவமைப்பு என்பேன். பேட்டரி இல்லாவிட்டால் மட்டும் அது வெறும் பெட்டி. நல்லவேளை, அது கேட்பது கடிகாரக் கடையில் கிடைக்கும் எல்ஆர் 44 பேட்டரி இரண்டு.

எஃப் 1.7க்கும் எஃப் 2.8க்கும் வேறுபாடு பெரிதா? 2.8ஐ 1.7ஆல் வகுத்து வர்க்கப்படுத்துங்கள்: 2.7 மடங்கு ஒளி. தீபாவளிக்கு முந்திய மாலைகளில் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் கடை விளக்கொளியில் படம் எடுக்கிறீர்கள் என்றால், கேனனெட்டில் 1/30 விநாடி போதும் என்ற இடத்தில் எக்ஸ்ஏ 1/11 விநாடி கேட்கும். கை நடுங்கிவிடும். பகல் பன்னிரண்டு மணிக்குப் பத்துமலை முருகன் சிலையை எடுப்பதென்றால் எதை வைத்திருந்தாலும் ஒன்றுதான். 42.7 மீட்டர் உயரச் சிலை முழுவதும் படத்துக்குள் வர நீங்கள் அவ்வளவு தள்ளி நிற்க வேண்டும். வளையத்தை முடிவிலியில் வைத்தால் முடிந்தது.

நம் பக்கத்து ஊர்க் கேமரா ஒன்றும் உண்டு. ரோலை 35, 1966இல் ஜெர்மனியில் பிறந்து, 1970களில் சிங்கப்பூரில் தயாரானது. இதில் ரேஞ்ச்ஃபைண்டரே இல்லை! தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு வளையத்தில் வைக்க வேண்டும். மேலே சொன்ன எஃப் 8 கணக்கைப் பார்த்தவர்களுக்கு இது ஏன் பகலில் வேலை செய்தது என்பது புரிந்திருக்கும். நம் ஷா ஆலமிலும் மினோல்டாவுக்குத் தொழிற்சாலை இருந்தது. 'மலேசியாவில் தயாரிக்கப்பட்டது' என்று பொறித்த மினோல்டா லென்ஸ் கண்ணில் பட்டால் ஆச்சரியப்படாதீர்கள்.

பாதரசமும் பூஞ்சையும்

கேனனெட் காலத்துக் கேமராக்களுக்கு 1.35 வோல்ட் பாதரச பேட்டரி தேவைப்பட்டது. அது தீரும்வரை மின்னழுத்தம் மாறாது. ஒளியளவிக்கு அதுதான் வேண்டும். ஆனால் பாதரசம் நஞ்சு. ஜப்பானின் மினமாட்டாவில் ஒரு தொழிற்சாலை கடலில் விட்ட கழிவில் இருந்த மெத்தில் பாதரசம் மீன் வழியாக மக்களின் நரம்புகளைத் தாக்கியது. நோய் 1956இல் அதிகாரபூர்வமாக அறியப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் அந்த மக்களின் துயரத்தை உலகுக்குக் காட்டியவர்களில் ஒருவர் யூஜின் ஸ்மித் என்ற புகைப்படக்காரர். அந்த ஊரின் பெயரிலேயே 2013இல் உலக ஒப்பந்தம் உருவானது. இன்று பாதரச பேட்டரி வாங்க முடியாது, முடியவும் கூடாது.

அந்த இடத்தில் 1.5 வோல்ட் அல்கலைன் பேட்டரியைப் போட்டால் என்ன ஆகும்? அழுத்தம் கூடுவதால் ஒளியளவியில் மின்னோட்டமும் கூடும். வெளிச்சம் அதிகம் என்று கேமரா ஏமாந்து துளையைச் சுருக்கும், படம் இருண்டுவிடும். காது கேட்கும் கருவிக்கான 675 எண் துத்தநாக-காற்று பேட்டரி 1.4 வோல்ட் தரும். ஏறக்குறைய சரியாக இருக்கும். காற்றுப் பட்டதும் வேலையைத் தொடங்குவதால் சில வாரங்களில் தீர்ந்துவிடும், அவ்வளவுதான்.

நம் பள்ளத்தாக்கில் இதைவிடப் பெரிய எதிரி ஈரப்பதம். லென்ஸின் மேல் சிலந்தி வலைபோல் படர்வது பூஞ்சை. அது சுரக்கும் அமிலம் லென்ஸ் பூச்சையும் கண்ணாடியையும் அரித்துவிடும். பிறகு துடைத்தாலும் தழும்பு போகாது. தோல் உறைக்குள் போட்டு அலமாரியில் பூட்டி வைப்பதுதான் மிக மோசமான பாதுகாப்பு. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வையுங்கள். ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருந்தால் நல்லது.

வாங்கும்போது லென்ஸின் ஒரு பக்கத்திலிருந்து கைவிளக்கை அடித்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள், பூஞ்சை தெரிந்துவிடும். மஞ்சள் கட்டம் மங்கிப் போயிருக்கிறதா என்று பாருங்கள். வெளியே வந்து, வளையத்தை முடிவிலியில் வைத்து, தூரத்தில் தெரியும் இரட்டைக் கோபுரத்தையோ ஒரு தொலைத்தொடர்புக் கோபுரத்தையோ நோக்குங்கள். இரண்டு உருவங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் சரிசெய்யும் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

வீட்டில் தாத்தாவின் கேமரா கிடைத்தால், பின்கதவைத் திறக்கும் முன் படச்சுருளைச் சுற்றும் கைப்பிடியை அம்புக்குறி காட்டும் பக்கம் மெல்லத் திருப்பிப் பாருங்கள். தடையில்லாமல் சுழன்றால் பெரும்பாலும் உள்ளே ஒன்றும் இல்லை. இழுத்துப் பிடித்தால் சுருள் இருக்கிறது. திறக்காதீர்கள்; வெளிச்சம் பட்டால் அதிலிருப்பது போய்விடும். அடிப்பக்கத்துப் பொத்தானை அழுத்திக்கொண்டு, பிடிப்பு விடும்வரை சுருளைச் சுற்றி எடுத்து, படச்சுருள் கழுவும் கடைக்குக் கொண்டு போங்கள். எத்தனை ஆண்டு பழையது என்று தெரிந்தால் கடையில் சொல்லிவிடுங்கள். கழுவும் நேரத்தை அதற்கேற்ப மாற்றுவார்கள்.