பள்ளி உளவியலில் டாக்டர் பட்டம்: ஐந்தாறு வருஷம் எதற்கு?

"பெண் பி.ஏ. சைக்காலஜி முடித்துவிட்டாள். அமெரிக்கா போய்ப் பள்ளி உளவியலில் பி.எச்டி. செய்கிறேன் என்கிறாள். பள்ளிப் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்ல ஐந்தாறு வருஷப் படிப்பா?" இப்படிக் கேட்கும் பெற்றோர்கள் நம்மிடையே உண்டு. கேள்வி நியாயமானதுதான். நம் ஊரில் இந்தப் படிப்பு அவ்வளவாக அறிமுகமாகவில்லை. அது என்ன, எப்படி வந்தது, ஏன் இத்தனை காலம் பிடிக்கிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். அமெரிக்கா போகும் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, இங்கேயே மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் நமக்கும் இதில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இருக்கிறது.

எழுத்துக் கூட்டத் தெரியாத பையன்

1896ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் உள்ள பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் என்ற பேராசிரியர் இருந்தார். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உளவியலின் தந்தை எனப் போற்றப்படும் வுண்டிடம் படித்துப் பட்டம் பெற்றவர். அவரிடம் ஒரு பள்ளி ஆசிரியை தன் மாணவன் ஒருவனை அழைத்து வந்தார். பதினான்கு வயது. மற்றப் பாடங்களில் சோடை இல்லை. ஆனால் எழுத்துக் கூட்டி எழுத மட்டும் வரவில்லை. உளவியல் என்பது மனத்தின் அறிவியல் என்றால் இந்தப் பையனுக்கு அது உதவ வேண்டாமா என்பது ஆசிரியையின் வாதம்.

விட்மர் பையனைச் சோதித்தார். கண் பார்வையில் கோளாறு இருப்பது தெரிந்தது. கண்ணாடி போட்டு, அதன்பின் எழுத்துப் பயிற்சியும் தரப்பட்டது. உலகின் முதல் உளவியல் சிகிச்சை நிலையம் இப்படித்தான் தொடங்கியது. தொடக்கத்திலேயே ஒரு பாடம் கிடைத்துவிட்டது: படிப்பு வராத பிள்ளையை "மந்தம்" என்று முடிவு கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை பல உண்டு.

1915இல் கனெக்டிகட் மாநிலம் ஆர்னால்டு கெசல் என்பவரைப் பள்ளிகளுக்காக நியமித்தது. "பள்ளி உளவியலாளர்" என்ற பதவிப் பெயரை முதலில் பெற்றவர் அவரே.

இரண்டு படிகள்

1954இல் நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட் பாயின்ட்டில் தேயர் என்ற ஓட்டலில் ஒரு மாநாடு கூடியது. பள்ளி உளவியலாளருக்கு என்ன படிப்பு வேண்டும் என்பதே அங்கு விவாதம். இரண்டு படிகள் வேண்டும் என்று மாநாடு சொன்னது. ஒன்று டாக்டர் பட்டம், மற்றொன்று அதற்குக் கீழ்ப்பட்ட பயிற்சி. அதற்குச் சற்று முன்பே இல்லினாய் பல்கலைக்கழகம் இத்துறையில் டாக்டர் பட்டப் படிப்பைத் தொடங்கியிருந்தது. 1971இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டம் அமெரிக்க உளவியல் சங்கத்தின் அங்கீகாரத்தை முதன்முதலாகப் பெற்றது.

இந்த இரண்டு படிகள் இன்றும் தொடர்கின்றன. பள்ளியில் வேலை பார்ப்பதற்கு "ஸ்பெஷலிஸ்ட்" பட்டமே போதுமானது. அதற்கு மூன்று ஆண்டுகள். குறைந்தது 60 கிரெடிட். கடைசி ஆண்டில் 1200 மணி நேரப் பயிற்சி, அதில் பாதியாவது பள்ளியில். அமெரிக்கப் பள்ளிகளில் வேலை செய்வோரில் பெரும்பாலோர் இந்தப் படியைச் சேர்ந்தவர்கள்தாம்.

டாக்டர் பட்டத்துக்கு 90 கிரெடிட், 1500 மணி நேரமாவது இன்டர்ன்ஷிப், ஆய்வேடு ஆகியவை வேண்டும். இதை முடித்தவர் மாநில லைசென்ஸ் தேர்வும் எழுதித் தேறினால், பள்ளியில் மட்டுமின்றித் தனியாகவும் மருத்துவமனையிலும் தொழில் செய்யலாம். பல்கலைக்கழகத்தில் அடுத்த தலைமுறையைப் பயிற்றுவிக்கலாம். "உளவியலாளர்" என்ற பெயர் டாக்டர் பட்டம் பெற்றவர்க்கே உரியது என்று அமெரிக்க உளவியல் சங்கம் 1977இல் நிலை எடுத்தது. 1969இல் தோன்றிய பள்ளி உளவியலாளர்களின் தேசியச் சங்கம் அதை ஏற்கவில்லை.

ஆண்டுகள் எப்படிச் செல்கின்றன?

முதல் இரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் வகுப்பறையில். குழந்தை வளர்ச்சி, கற்றல், மூளையும் நடத்தையும், புள்ளியியல், சோதனைகளை உருவாக்கும் முறை, சிறப்புக் கல்விச் சட்டம், தொழில் அறம் எனப் பாடங்கள் நீளும். கூடவே சோதனை நடத்தப் பழக வேண்டும். ஒரு பிள்ளையின் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டு மார்க் போடுவது வெளிக்கு எளிதாகத் தோன்றும். மாணவர் அதை நடத்துவதை வீடியோவில் பதிவு செய்து, கேள்வியைச் சொன்ன விதம், காத்திருந்த நேரம், மார்க் போட்டது என ஒவ்வொன்றாக ஆசிரியர் திருத்துவார். சரியாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியதுதான்.

மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் வாரத்தில் சில நாட்கள் பள்ளியில் களப்பயிற்சி. இங்கேதான் முக்கியமான ஒன்றை மாணவர் கற்கிறார்: உளவியலாளரின் வேலையில் சோதனை ஒரு பகுதியே. ஆசிரியரோடு பேசுவது, வகுப்பில் பின் பெஞ்சில் உட்கார்ந்து கவனிப்பது, பெற்றோரை அழைத்துக் கேட்பது, பிறகு ஒரு திட்டம் வகுத்து அது பலன் தருகிறதா என்று அளப்பது எல்லாம் வேலைதான். உதாரணமாக, மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் நிமிஷத்துக்கு முப்பது வார்த்தைதான் வாசிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். தினம் இருபது நிமிஷம் தனிப் பயிற்சி கொடுத்து, வாரா வாரம் அளந்து, வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்ப்பார்கள். கோடு மேலே ஏறினால் பையனிடம் கோளாறு இல்லை, அவனுக்குச் சரியாகச் சொல்லித் தரப்படவில்லை என்று கொள்ளலாம். ஏறாவிட்டால் மேற்கொண்டு ஆராய வேண்டும்.

கடைசியில் ஓராண்டு முழு நேர இன்டர்ன்ஷிப். இதற்கிடையே சொந்தமாக ஓர் ஆய்வு செய்து ஆய்வேடு எழுதி, அறிஞர் குழுவின் முன் வாதாடி நிலைநாட்ட வேண்டும். ஆக, ஐந்து ஆண்டு என்பது குறைந்த கணக்கு. ஆறு ஆகிவிடுவது சகஜம்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு?

காரணம் இதுதான்: இவர்கள் எழுதும் அறிக்கை ஒரு பிள்ளையின் வகுப்பை, பள்ளியை, சில வேளை வாழ்க்கையையே தீர்மானித்துவிடுகிறது. முதல் கோணல் முற்றும் கோணல் என்பது இங்கே அப்படியே பொருந்தும். அமெரிக்கா இதை நீதிமன்றத்தில்தான் கற்றுக்கொண்டது.

கலிபோர்னியாவில் ஸ்பானிய மொழி பேசும் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் ஒன்பது பேர் அறிவுக் குறைபாடு உள்ளவர்களுக்கான வகுப்பில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். காரணம், ஆங்கிலத்தில் நடத்திய ஐ.க்யூ. சோதனையில் குறைந்த மதிப்பெண். இரு மொழியும் தெரிந்த ஒருவர் மறுபடி சோதித்தபோது பெரும்பாலோர் அந்த வகுப்புக்கு உரியவர்களே அல்ல என்று தெரிந்தது. டயானா வழக்கு எனப்படும் அவ்வழக்கு 1970இல் சமரசத்தில் முடிந்தது. பிள்ளையின் தாய்மொழியிலும் சோதிக்க வேண்டும் என்று மாநிலம் ஒப்புக்கொண்டது. அடுத்து வந்தது லாரி பி. வழக்கு. கறுப்பினப் பிள்ளைகள் அவர்களது தொகைக்கு மிஞ்சிய விகிதத்தில் அத்தகைய வகுப்புகளில் தள்ளப்பட்டிருந்தனர். ஐ.க்யூ. சோதனையைக் கொண்டு அவர்களை அங்கு சேர்க்கக் கூடாது என்று 1979இல் நீதிபதி பெக்கம் தீர்ப்பளித்தார்.

இன்னொரு செய்தி. ஐ.க்யூ. சோதனையில் சராசரி 100. முன்பு 85க்குக் கீழே இருந்தாலே அறிவுக் குறைபாடு என்று சொல்ல இடமிருந்தது. 1973இல் அத்துறைச் சங்கம் அந்தக் கோட்டை 70க்கு இறக்கியது. நூற்றுக்குப் பதினாறு பேர் வரை அடங்கக்கூடிய வரையறை, ஏறக்குறைய இரண்டு பேராகச் சுருங்கியது. பிள்ளைகள் மாறவில்லை, கோடுதான் மாறியது. எண்ணைக் கண்டு மயங்காதவரே இந்தத் தொழிலுக்குத் தகுதியானவர் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

1975இல் உடல், மனக் குறைபாடு உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி என்ற சட்டம் அமெரிக்காவில் வந்தது. அதன்பின் பள்ளி உளவியலாளர்களின் தேவை பெருகியது. அச்சட்டத்தின் இன்றைய வடிவம் தெளிவாகச் சொல்கிறது: சரியாகச் சொல்லித் தராததாலோ, ஆங்கிலம் போதிய அளவு தெரியாததாலோ படிப்பில் பின்தங்கிய பிள்ளையை, அதையே காரணமாக வைத்துக் குறைபாடு உள்ள பிள்ளை என முத்திரை குத்தக் கூடாது.

நம் வீட்டுப் பிள்ளைக்கும் இது பொருந்தும்

வாசகர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டுகிறேன். வெளி மாநிலத்தில் வாழும் தமிழ்ப் பிள்ளை வீட்டில் தமிழ் பேசுகிறது. தெருவில் இந்தியோ மராத்தியோ வங்காளமோ கன்னடமோ. பள்ளியில் ஆங்கிலம். அப்பாவுக்கு மாற்றல் வந்தால் தெரு மொழியும் மாறும். இந்தப் பிள்ளை இரண்டாம் வகுப்பில் வாசிக்கத் திணறினால் அது கற்றல் குறைபாடா, அல்லது மொழிப் பழக்கம் போதாமையா? பயிற்சி பெற்றவர் இரண்டையும் பிரித்தறிய முயல்வார். தமிழில் கதை சொல்லச் சொன்னால் கோவையாகச் சொல்கிறதா? சொல்லை ஒலிகளாகப் பிரிக்க எந்த மொழியிலும் சிரமமா, பள்ளி மொழியில் மட்டுமா? குடும்பத்தில் வேறு யாருக்கும் இப்படி இருந்ததா? காதும் கண்ணும் சரியா? இதையெல்லாம் பாராமல் ஒரே நாளில் தரும் அறிக்கை ஆபத்தானது.

நம் நாட்டில் உளவியல் புதிதல்ல. கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1916லேயே தனித் துறை தொடங்கிவிட்டார்கள், மைசூரில் 1924இல். பினே சோதனையைக் கன்னட, மராத்திப் பிள்ளைகளுக்கு ஏற்ப வி.வி. காமத் அமைத்துத் தந்தார். அது பல இடங்களில் இன்றும் கையாளப்படுகிறது. ஆனால் "பள்ளி உளவியலாளர்" என்ற பெயரில் அமெரிக்காவைப் போன்ற தனி லைசென்ஸ் முறை இங்கே இல்லை. பள்ளிகளில் இருப்போர் பெரும்பாலும் எம்.ஏ. முடித்த ஆலோசகர்கள், அல்லது என்.சி.இ.ஆர்.டி. நடத்துவது போன்ற டிப்ளமா பெற்றவர்கள். மருத்துவ உளவியலாளர்களைப் பதிவு செய்வது 1992 சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வு கவுன்சில்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் சேர்த்துக்கொண்டது. சான்றிதழ் இருந்தால் சி.பி.எஸ்.இ. தேர்வில் கூடுதல் நேரம் முதலிய சலுகைகள் உண்டு. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிலையங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டியது. ஆட்கள் தேவை என்பது இதிலிருந்தே புலனாகும். நன்கு பயின்றவர்கள் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே பிள்ளையைச் சோதனைக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர் தயங்காமல் கேட்க வேண்டியவை: எந்த மொழியில் சோதிக்கிறீர்கள்? இந்தச் சோதனையின் அளவுகோல் எந்தப் பிள்ளைகளை வைத்து வகுக்கப்பட்டது? கண், காது பார்த்தாயிற்றா? வகுப்பாசிரியரிடம் பேசினீர்களா? அறிக்கைக்குப் பிறகு பள்ளி என்ன செய்யப் போகிறது? நல்ல உளவியலாளர் இக்கேள்விகளைக் கேட்டுக் கோபிக்க மாட்டார். கோபித்தால் வேறிடம் பார்ப்பது நல்லது.

படிக்க விரும்புவோருக்கு

முதலில், சேர நினைக்கும் பாடத்திட்டத்துக்கு அமெரிக்க உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் உண்டா என்று பார்க்க வேண்டும். லைசென்ஸ் கொடுப்பது ஒவ்வொரு மாநிலத்தின் பொறுப்பு. அங்கீகாரமில்லாத படிப்பு பின்னால் தலைவலி தரும். இரண்டாவது, பி.எச்டி.க்கும் சை.டி. எனப்படும் பட்டத்துக்கும் வேறுபாடு உண்டு. முன்னதில் ஆராய்ச்சி அதிகம். பல இடங்களில் ஆசிரியருக்கு உதவியாளராக வேலை செய்தால் கட்டணச் சலுகையும் உதவித் தொகையும் கிடைக்கும். பின்னதில் தொழிற்பயிற்சி அதிகம். செலவு பெரும்பாலும் நம் கையிலிருந்து. மூன்றாவது, விண்ணப்பிக்குமுன் ஓராண்டாவது ஒரு பள்ளியிலோ சிறப்புக் கல்வி நிலையத்திலோ பிள்ளைகளோடு பழகிப் பார்ப்பது நல்லது. பொறுமை இருக்கிறதா என்பது அங்கேதான் தெரியும்.

இங்கிலாந்து செல்ல நினைப்போர், அங்கே இத்தொழில் "கல்வி உளவியல்" என்று வழங்கப்படுவதையும், 2006 முதல் மூன்றாண்டு டாக்டர் பட்டமே அதற்குரிய பயிற்சியாகிவிட்டதையும் கவனத்தில் கொள்ளவும்.

தமிழும் இன்னும் இரண்டு மொழிகளும் சரளமாகத் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு இத்துறையில் ஒரு தனித் தகுதி இருக்கிறது. மூன்று மொழிகளுக்கிடையே திணறும் குழந்தையின் நிலை அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். அந்த அனுபவத்தோடு முறையான பயிற்சியும் சேர்ந்தவர் ஒருவர் நம் பள்ளிகளில் இருந்தால், "மந்தம்" என்று ஒதுக்கப்படும் பிள்ளைகளில் சிலராவது தப்புவார்கள். பெண் ஆறு வருஷம் கேட்டால், கொடுக்கலாம்.